எழுவான்கரையும் படுவான்கரையும்

கிரானைத் தாண்டியதும் ரயில் ஜன்னலுக்கு வெளியே நிறம் மாறியது. புணானைக் காட்டின் புழுதி படிந்த பச்சை போய், விளைந்த நெல்லின் மஞ்சள் வந்தது. எதிரே இருந்த அம்மா, ஏறாவூரில் இறங்குவதற்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்த முறை வேளாண்மை நல்லம்" என்றார். மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெல். அறுவடையை 'வேளாண்மை வெட்டு' என்பார்கள். பயிர்த்தொழில் முழுவதையும் குறிக்கும் பெரிய சொல்லை இந்த மண் நெல்லுக்கே எழுதிக் கொடுத்துவிட்டது.

நான் யாழ்ப்பாணத்தவன். வற்றாத ஆறு இல்லாத ஊர். கிணற்று நீரை இறைத்துப் பாத்தி பாத்தியாய்ப் பாய்ச்சி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வளர்க்கும் மண். தண்ணீர் எங்களுக்கு எண்ணிச் செலவழிக்கும் காசு. மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும் கொழும்பு நண்பர்கள் பாசிக்குடாவைச் சொன்னார்கள், அங்கே இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம் என்றார்கள். ஊரில் உறவுக்காரர்கள் பழைய எச்சரிக்கையை நினைவூட்டினார்கள்: "கவனம், மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைச்சிடுவினம்." அந்த ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார் என்று பரம்பரையாகச் சொல்லிவரும் பேச்சு அது. மாசிக் கடைசியில், உதயதேவி ரயிலில், நான் போனது கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நகரம் எப்படி வாழ்கிறது என்று பார்க்க.

வரைபடத்தில் மட்டக்களப்பு வெகு எளிது. கிழக்கே கடல். அதையொட்டி மெல்லிய மணல் நிலம். அதன் பின்னே வடக்குத் தெற்காக 56 கிலோமீட்டர் நீளும் வாவி. வாவிக்கு மேற்கே வயல். சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் வயற்பக்கம் படுவான்கரை. நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு வாவிக்குள் ஒரு தீவாகவே இருக்கிறது.

அன்று மாலை கல்லடிப் பழைய பாலத்தில் நடந்தேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம். அந்நாளைய ஆங்கிலேய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரை இட்டிருந்தார்கள். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் பாரவண்டிகள் அங்கே போய்விட்டன. இந்தப் பாலத்தடியில்தான், நிலா நாட்களில், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டென்னன்ட் இந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது 'ஊரி' என்ற நத்தையை. மீனோ ஊரியோ, 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மீன் வாவியிலிருந்து, தேன் மேற்கேயுள்ள காட்டிலிருந்து. ஊர்ப்பெயரிலேயே இரண்டு கரையும் இருக்கின்றன.

கல்லடிக் கரை

விடியுமுன் கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். சூரியன் கடலுக்குள்ளிருந்து நேரே எழுந்தது. மணலில் இரண்டு வரிசையாக ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளம் அரைவட்டமாகக் கடலில் வலையை வளைத்து வந்து சேர்ந்த பிறகு, இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். கயிற்றை இடுப்போடு அணைத்து, குதிகால் மணலில் புதையப் பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை வளையமாய்ச் சுருட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய்ப் பிடிக்கிறார். ஒருமணி நேரத்துக்கு மேல் இப்படியே. மடி கரைக்கு வந்தபோது உள்ளே சூடையும் நெத்தலியும் வெள்ளியாய்த் துடித்தன. நடுவே சில பாரைகள்.

"ஆக்கள் குறைவாய் இருக்கே?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்.

"கடல் இப்பதான் பணிஞ்சிருக்கு, தம்பி. மாரிக்க வள்ளம் இறக்கேலா. ஆனா அங்கால வேளாண்மை வெட்டு. நாலஞ்சு பேர் மூட்டை தூக்கப் போயிட்டாங்க. வெட்டு முடிஞ்ச மறுகா வருவாங்க."

'மறுகா' என்றால் பிறகு. மட்டக்களப்பாரின் வாயில் நிமிடத்துக்கொரு முறை வரும் சொல். கடலில் கயிறு பிடிக்கும் கைதான் வயலில் மூட்டையும் தூக்குகிறது என்பதை அவர் அந்தச் சொல்லோடு சொல்லிவிட்டார்.

இந்தக் கரையில் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர முடியாது. 2004 டிசெம்பர் 26 காலை, கல்லடி, திருச்செந்தூர், நாவலடி, டச் பார் என்று இந்த மெல்லிய மணல் நிலம் முழுவதும் ஆழிப்பேரலைக்குள் போனது. முன்னே கடல், பின்னே வாவி, ஓட இடமில்லை. திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அலையில் சாய்ந்து, விழாமல், வருடக்கணக்கில் அப்படியே நின்றது. நாவலடியில் நினைவிடத்தின் முன் வருடந்தோறும் உறவுகள் கூடுகிறார்கள். அதற்கு முன் 1978 நவம்பர் 23 சூறாவளி. அதைக் கண்ட தலைமுறை இன்றும் வயதைச் 'சூறாவளிக்கு முந்தி, பிந்தி' என்று கணக்குப் பார்க்கிறது. தென்னைகள் ஒரே இரவில் படுத்துவிட்டன என்றார் அந்த வலைக்காரர். அவர் சொன்ன விதத்தில் அது போன கிழமை நடந்ததுபோல் இருந்தது.

கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் சிவானந்தா வித்தியாலயம். அங்கே சுவாமி விபுலானந்தரின் சமாதி. 1892இல் தெற்கே காரைதீவில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். மறைந்துபோன யாழைப் பழந்தமிழ் நூல்களிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுத்து 'யாழ் நூல்' எழுதினார். அது 1947இல் அரங்கேறிய சில வாரங்களில் காலமானார். வாவியின் பாட்டை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்தவர் அவர். யாழைத் தேடிய காது இந்தத் தண்ணீர் ஓரத்தில் பழகிய காது என்று எண்ணிக்கொண்டே சமாதி முன் சற்று நின்றேன்.

ஆற்றுவாய்

வித்தியாலய வாசலில் நின்ற ஓட்டோக்காரத் தம்பியிடம் முகத்துவாரம் போக வேண்டும் என்றேன். "லைட் ஹவுஸ் பாக்கவா, அண்ணன்?" என்றார். "ஆற்றுவாய் பார்க்க" என்றதும் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். "எங்கட வயல் படுவான்கரையில. ஆத்துவாய் எங்களுக்குப் பெரிய விசயம்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அன்றைய பயணம் அவர் கையில்.

பாலம் கடந்து, புளியந்தீவை விட்டு, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றிப் போனோம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவட்டமே திரளும் குளம். அதற்கப்பால் கண்டல் மரங்கள் வேர் பரப்பிய சதுப்பு. முடிவில் பாலமீன்மடு, 1913இல் கட்டிய வெளிச்சவீடு. அதற்கப்பால் வாவி கடலைத் தொடும் வாய்.

பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மணற்திட்டு, அதன் நடுவே வெட்டுவாய் போல ஒரு கால்வாய், உள்ளே பழுப்பு நீர், வெளியே நீலம். ஆனால் இந்த மாவட்டத்தின் உணவு இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் முந்தனையாறும் மற்ற ஆறுகளும் பெருகி, உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளங்கள் வான் பாய்ந்து, எல்லாத் தண்ணீரும் வாவிக்குள் வந்து நிற்கும். வாய் அடைத்திருந்தால் வாவி பின்வாங்கி வயலுக்குள் ஏறும்.

கரையில் வீச்சுவலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் தம்பி என்னை அறிமுகப்படுத்தினார். "இரி மனே" என்று பக்கத்து மணலைக் காட்டினார்.

"வயற்காரன் என்ன சொல்லுவான்? 'வேளாண்மை தாழுது, வாயை வெட்டு' எண்டுவான். நாங்க என்ன சொல்லுவம்? 'இப்ப வெட்டினா இறால் எல்லாம் கடலுக்குப் போயிரும், இன்னும் நாலு நாள் பொறு' எண்டுவம். கச்சேரியில கூட்டம் வைப்பாங்க. ரெண்டு பேரும் கத்துவம்." கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம்.

"யார் சொல்வது சரி?"

வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ரெண்டு பேரும் சரிதானே, மனே. அவன்ட நெல்லைத்தானே நான் திண்ணுறன்."

முன்பு மண்வெட்டியால் வெட்டியதை விவரித்தார். கடல் வற்றும் நேரம் பார்த்து, ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு கோடு வெட்டினால் போதும். தண்ணீர் முதலில் விரல் தடிப்பில் கசியும். பிறகு பக்கத்து மணலை அரித்து அரித்துத் தன் வழியைத் தானே அகலமாக்கும். சிறிது நேரத்தில் நின்ற ஆட்கள் பின்னுக்கு ஓட வேண்டியிருக்கும். இப்போது இயந்திரம் வந்து வெட்டுகிறது. ஆனால் எப்போது வெட்டுவது என்ற கேள்விக்கு இயந்திரம் விடை சொல்வதில்லை. நேரத்தோடு வெட்டினால் கடல்நீர் உள்ளே ஏறி ஓரத்து வயல் உவர்ப்பாகும். பிந்தினால் கதிர் அழுகும். இரண்டு கரையும் ஒன்றையொன்று கேட்டுத்தான் வாழ வேண்டும் என்று நிலமே விதித்திருக்கிறது.

பாதை

திரும்பும்போது புளியந்தீவுக் கோட்டையை ஒருமுறை சுற்றினோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள், இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டை. தடித்த மதிலுக்குள் நீண்டகாலம் கச்சேரி நடந்தது. வாவி நீர் மதிலை நக்கிக்கொண்டிருந்தது.

பிறகு கல்முனை வீதியில் தெற்கே. காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்ச மரங்கள், இருபுறமும் நெரிசலான கடைகள். 1990 ஆகஸ்ட் 3 இரவுத் தொழுகையில் நூறுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளிவாசல்களின் ஊர் இது. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பது இந்த மாவட்டத்தின் உவமை. குழலுக்குள் ஒன்று மாறி ஒன்று அடுக்குவதுபோல் ஊர்களும் மாறி மாறியே வருகின்றன. அந்த அடுக்கு கலைந்த நாட்களைத் தம்பி பிறக்கும் முன்பே ஊர் கண்டுவிட்டது. "இப்ப எங்கட நெல்லை வாங்க வாறது இங்கத்த ஆக்கள்தான். எங்கட அம்மாட பாயும் இந்தக் கடைகளுக்குத்தான் போகுது" என்றார் அவர்.

குருக்கள்மடத்தில் வீதியை விட்டு இறங்கி வாவிக் கரைக்கு வந்தோம். அங்கேதான் 'பாதை' நிற்கிறது. இந்த ஊரில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. மிதவைகள் மேல் பலகைத் தளம், ஓரத்தில் கம்பி, பின்னால் இயந்திரம். மோட்டார் சைக்கிள்கள், ஒரு சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு மீன்காரர், குடை பிடித்த இரு ஆசிரியைகள், உரமூட்டை, ஓட்டோ, நாங்கள். அக்கரை அம்பிளாந்துறை.

நடு வாவியில் இயந்திரச் சத்தத்தை மீறி எவரும் பேசவில்லை. தண்ணீர் ஆழமில்லாத பச்சை. தூரத்தில் தோணியில் நின்றபடி ஒருவர் வலை வீசினார். அது முழு வட்டமாய் விரிந்து விழுந்தது. போர்க்காலத்தில் இந்த நீர்தான் எல்லை. எழுவான்கரை அரசின் கையில், படுவான்கரை புலிகளின் கையில், 2007 வரை. நெல்லும் நோயாளியும் பிள்ளைகளும் துறைகளில் சோதனைக்கு வரிசையில் நின்றே கடந்தார்கள். கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987 ஜனவரியில் இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூனில் மறுபடியும். பண்ணையில் கொல்லப்பட்டவர்கள் வாவி கொடுத்த வேலையைச் செய்யப் போனவர்கள். பாதை அக்கரை மோதி நின்றபோது ஆசிரியைகளில் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "முதல் தரமா வாறீங்க?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்ப தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் நந்தியின் கதையைச் சொல்லாதவர் இல்லை. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி, இந்தக் கல் நந்தி புல் தின்னுமா என்று கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்றதாம். விளைநிலத்து மக்கள் தங்கள் கோயிலைக் காக்க ஒரு மாட்டையே நம்பினார்கள்.

வட்டை

வயற்பரப்பை இங்கே வட்டை என்கிறார்கள். தம்பியின் வட்டைக்குச் செம்மண் பாதையில் போனோம். ஒருபுறம் அறுத்த தாள், ஒருபுறம் இன்னும் தலைசாய்ந்து நிற்கும் வேளாண்மை. முன்பெல்லாம் போடியார் என்ற நிலக்காரர், அவர் சார்பில் வயலைப் பொறுப்பெடுக்கும் முல்லைக்காரர், தண்ணீர் பங்கிட வட்டவிதானை என்று ஓர் ஒழுங்கு இருந்தது. மாடு கட்டிச் சூடு மிதித்தார்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்றே சொன்னார்கள். இப்போது அறுவடை இயந்திரம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்புவதற்குள் நெல் மூட்டைக்கு வந்துவிடுகிறது. அது வரம்பு ஓரம் திரும்பியபோது கொக்குகள் பின்னாலேயே இறங்கின. புதிய தாளின் பச்சை வாசம் நெஞ்சு நிறைந்தது.

தம்பியின் தகப்பன் ஒரு கைப்பிடி நெல்லை என் உள்ளங்கையில் கொட்டினார். ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்' என்று உடைந்தது. "காய்ஞ்சிட்டு. ஆனா 'ஈரம்' எண்டு சொல்லி விலையைக் குறைப்பாங்க" என்றார். எல்லோரும் ஒரே மாதத்தில் வெட்டுகிறார்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். நெல்லைக் காத்து வைக்க இடமில்லை. அதனால் விலை மிகவும் தாழ்ந்திருக்கும் கிழமையிலேயே விற்க வேண்டியிருக்கிறது. 2021இல் இரசாயன உரத்தை நாடு ஒரேயடியாகத் தடை செய்தபோது, தடை நீங்கும் முன்பே பெரும்போகம் தொடங்கிவிட்டது. "அந்த வருசம் கதிர் விரல் நீளம்தான்" என்று சுண்டுவிரலைக் காட்டினார். விளைவிக்கத் தெரிந்தவர்களிடம் கேட்காமல் எடுத்த முடிவின் அளவு அந்த விரல். மேற்கே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களில் பயிர் செய்ய வந்தவர்களை எதிர்த்துக் கால்நடைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் முதல் சித்தாண்டியில் போராடியதையும் அவர் சொன்னார். விதைத்த காலத்தில் மாடு போக ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் வயலும் இல்லை, தயிரும் இல்லை.

மதியம் வாடி என்ற வயற்குடிலுக்குள் இருத்தினார்கள். தம்பியின் அம்மா பன்பாயை விரித்து, கையால் தடவிவிட்டு, "இரி மனே" என்றார். புதுநெல்லுச் சோறு, வாவி நண்டுக் கறி, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர். "இன்னும் போடு" என்று தகப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். யாருடைய வீட்டிலும் இத்தனை நிதானமாக நான் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்ட பின் பாயைப் பற்றிக் கேட்டேன். அம்மா ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே. நடுவில் சிவப்பும் ஊதாவும் கட்டம் கட்டமாய். ஓரத்தில் இழைகளை மடக்கி உள்ளே செருகிய இடம் விரலுக்கே தெரியவில்லை. பன் என்ற புல்லை வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயத்தண்ணியில் அவித்து, நிழலில் உலர்த்தி, தரையில் குந்தியிருந்து கையாலேயே இழைக்கிறார்கள். தறி கிடையாது.

"பன் எங்கே வளருது?"

அவர் வாடிக்கு வெளியே கையை நீட்டினார். வயல் முடிந்து வாவி தொடங்கும் சேறு. "அந்தா, அங்கதான். தண்ணி உப்பாப் போனா சரிவராது. வயலாப் போனாலும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இரிக்கணும்."

கிளம்பும்போது ஒரு பாயைச் சுருட்டி என் கையில் தந்தார். காசு கொடுக்க முயன்றேன். தகப்பனின் முகம் வாடியது. வாங்கிக்கொண்டேன். பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று எங்கள் ஊர் சொன்னது மந்திரமல்ல. மழைக்கும் வெயிலுக்கும் போருக்கும் நடுவில் விளைவித்ததை வந்தவனுக்கு முதலில் பரிமாறும் ஒரு பழக்கத்துக்கு, அதைப் பழகாதவர்கள் வைத்த பெயர்.

திரும்ப மண்முனைப் பாலம் வழியாக வந்தோம். 2014இல் திறக்கும்வரை இங்கேயும் பாதைதான். தம்பி பாலத்தின் நடுவில் ஓட்டோவை நிறுத்தினார். பின்னால் படுவான்கரையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில் அதே சூரியன் கடலிலிருந்து எழுந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் அகலம்தான் இந்த ஊருக்கு. அந்த அகலத்துக்குள் மீனும் நெல்லும் தயிரும் பாயும் இருக்கின்றன. கடற்கரையோடு திரும்புகிறவர் இவற்றில் பாதியைக்கூடக் காண்பதில்லை.

பாய் இப்போது யாழ்ப்பாணத்தில் என் அறையில் விரிந்திருக்கிறது. வரும் மாரியில், மட்டக்களப்பு முகத்துவாரம் வெட்டப்பட்டது என்று வானொலியில் ஒரு வரிச் செய்தி வரும். முன்பெல்லாம் அந்த வரி என் காதில் விழுந்ததில்லை. இனிமேல் அதைக் கேட்கும்போது, வலை பொத்தும் முதியவரும், நெல்லைக் கடித்துப் பார்த்த தகப்பனும், சேற்று ஓரத்தில் பன் வெட்டும் அம்மாவும் அந்தத் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.